பதினெட்டாவது லெவலில் எலி கடிக்காது

"...இல்லம்மா, நீயே சொல்லு. ரெண்டு வருசம்! ரெண்டு வருசமா ஒரு டிராகன வளத்துகினு வரேன். அதுக்கு ஒரு கொரல் வேணுமேன்னு தெனம் குளிக்கறப்போ கர்ர்ர்னு பேசிப் பேசிப் பாத்து, பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் அக்கா கஷாயம் வச்சி எடுத்துகினு வந்துட்டாங்க. 'இன்னா நோயலு, நெஞ்சுல சளியா?'ன்னு. அந்த டிராகன் வாயத் தொறந்து 'மானிடப் பதர்களே'ன்னுச்சி... அவ்ளோதான்! சைஃப் ஒரு மந்திரம் போட்டான், டிராகன் வேற லோகத்துக்குப் போயிடுச்சி. 'அடுத்து இன்னா சார்?'னு கேக்கறான். அடுத்து இன்னாவா? டேய், அதாண்டா கடைசியே!"

மந்தைவெளியில், பறக்கும் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும் இரண்டாம் மாடி வீட்டில், நோயல் சாருக்கு மனசு ஆறவே இல்லை. ஞாயிறு சாயங்காலமானால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆட்டம். கதையை அவர் நடத்துவார். அவரிடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்த சைஃப், ஜொவிட்டா, சிதம்பரநாதன், ரெனிட்டா நாலு பேரும் மந்திரவாதி, வாள்வீரன், திருடன் என்று அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஆட ஆட லெவல் ஏறும், பலம் கூடும். மூன்று ஞாயிறாக ஒருத்தரும் வரவில்லை. ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் வீட்டில் கல்யாணம், மற்ற இரண்டு பேரும் காரணம்கூடச் சொல்லவில்லை. இன்று வந்திருப்பது ரெனிட்டாவின் கிண்டி ஆபீஸ் தோழி தீபிகா மட்டும். புதுசாகச் சேர வந்தவள். எதையோ சொல்ல அவள் வாயெடுத்து முக்கால் மணி நேரம் ஆகிறது.

"இரும்மா, இதோ முடிச்சிடறேன். லெவல் ஏற ஏற நல்லா இருக்கும்னு வெளிய சொல்வாங்க. நம்பாத. ஒண்ணாவது லெவல்ல ஒரு கெணத்துக்குள்ள எறக்கி உட்டேன். உள்ள நாலு எலி. நாலே எலி! ஜொவிட்டா ஜெபமாலைய எடுத்துட்டா. சிதம்பரநாதன் சேர் மேல ஏறி நின்னுகினு பகடை போடறான். அது ஆட்டம்! இப்போ பதினெட்டாவது லெவல். எலி கடிக்காது, தீ சுடாது, வெஷம் குடுத்தா பாயசம் மாதிரி குடிக்கறாங்க. செத்தா அஞ்சு நிமிசத்துல எழுந்து ஒக்காந்துடறாங்க. நம்ம ஆண்டவருக்கே மூணு நாள் ஆச்சு!"

சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நடக்கவே மாட்டேங்கறாங்கம்மா! ஒரு காடு, மூணு மலை, சாபம் புடிச்ச ஆறு ஒண்ணு... எல்லாம் வரைஞ்சி கலர் அடிச்சி வச்சிகீறேன். 'பறந்து போயிட்டோம் சார்'ங்கறாங்க. முடிஞ்சிது. சண்டைன்னு வந்தாலோ, ஒரு அடிக்கு நாப்பது நிமிசம். ரெனிட்டா பகடைய அள்ளி அள்ளிப் போட்டு, போன்ல கூட்டி, தப்பாப் போச்சுன்னு மறுபடி கூட்டி... சிதம்பரநாதன் கீழ போயி பஜ்ஜி சாப்ட்டு, எங்களுக்கும் பொட்டலம் கட்டிகினு மேல வரான், அவ அடிச்ச அடி இன்னும் எறங்கல!

"இன்னாது? ரெண்டு வருசத்துல எப்பிடி பதினெட்டா? ம்... கொஞ்சம் வேகந்தான். நான் இன்னா பண்ண? ஜொவிட்டா மாதா கோயில் கொடியேத்தத்துக்கு இங்கேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் வெறுங்கால்ல நடந்தா. காலெல்லாம் கொப்பளம். 'இதுக்கு ஒண்ணும் கெடையாதா சார்?'னு சிரிச்சா. மனசு கேக்கல, ஒரு லெவல் ஏத்திட்டேன். அடுத்த மாசம் சிதம்பரநாதன் பழனிக்கு நடந்தே போயிட்டு மொட்டத் தலையோட வந்து நிக்கறான். பெசன்ட் நகருக்கே ஒண்ணுன்னா பழனிக்கு? ரெண்டு ஏத்தினேன். நம்மாளுக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒண்ணா? சைஃப் ஒண்ணுமே கேக்கல. முப்பது நோன்பும் புடிச்ச மொகம்மா அது! மூணு. ரெனிட்டாவுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போச்சி, ஆறுதலுக்கு ஒண்ணு. அப்புறம் ஆளுக்கு ஒரு ஒசரத்துல நின்னா நல்லாவா கீதுன்னு எல்லாரையும் சமமாக்கினேன். இப்பிடியே... முப்பத்திரெண்டு மார்க்க முப்பத்தஞ்சு ஆக்கியே பழகுன கைம்மா இது.

"இன்னா சொன்ன? மறுபடி ஒண்ணாவது லெவல்லேர்ந்தா? யாருக்கு வேணுமாம்? ...நாலு பேருக்குமா? எங்கிட்ட சொல்ல சங்கடப்பட்டுகினு உன்ன அனுப்பினாங்களா? அப்பிடி ஆரமிச்சாத்தான் இனிமே வருவாங்களாமா?"

ரயில் ஒன்று போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. நோயல் சார் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வரட்டும்... எனக்கும் ஆசைதான். ஆனா எப்பிடிம்மா? மாதாவுக்கு நடந்த நடைக்குக் குடுத்தது. நோன்புக்குக் குடுத்தது. திருப்பி வாங்கினா நான் மனுசனா? பாஸ் போட்டவன ஃபெயிலாக்கற பழக்கம் நமக்கு இல்ல. அத உடு. ஆட்டத்துல உன் ஆளு யாரு, காட்டு. ஓடக்காரியா? ஒண்ணாவது லெவலா? ஐய, பாவமே! கிண்டிலேர்ந்து பஸ்ல நசுங்கி வந்துகீற. பதினெட்டுன்னே போட்டுக்க. இரு, காப்பி கொண்டாரேன்."

காப்பியோடு வந்து பார்த்தால் நாற்காலி காலி. வாசலில் செருப்பும் இல்லை.

நோயல் சார் பால்கனிக்கு ஓடினார். கீழே கேட்டை ஒட்டி இரண்டு ஸ்கூட்டர், ஒரு பைக். காய்ச்சல்காரி ஜொவிட்டா, கல்யாண வீட்டு சிதம்பரநாதன், ரெனிட்டா, சைஃப் என்று நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள். தீபிகா அவர்களிடம் போய், முடியாது என்று தலையை ஆட்டினாள். சைஃப் அண்ணாந்து பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மேலே வந்துவிடுவார்கள் போலத்தான் இருந்தது.

நோயல் சார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினார்.

"டேய்! இவ்ளோ தூரம் வந்துட்டு மேல வராம போவீங்களா? வாங்கடா! கேட்டாண்ட வரைக்கும் வந்ததுக்கே ஆளுக்கு ஒரு லெவல் போட்டுட்டேன்!"

கீழே எல்லோரும் அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினார்கள்.