ஆலைப்பாலத்துச் சிலுவை

மார்ச் மாதப் பனியில் ஓடுவது கடினம், போதகரே. மேலே இறுகியிருக்கும், கால் வைத்தால் இடுப்புவரை இழுத்துக்கொள்ளும். பின்லாந்து தனக்குள்ளேயே சுட்டுக்கொண்ட அந்த வருடம், ஆலைப்பாலத்துக்கு இப்பால் வெள்ளைப்படையினர் நாங்கள் அப்படித்தான் புதைந்து கிடந்தோம். அப்பால் மர ஆலையில், புரட்சிக்கு எழுந்த தொழிலாளிகளான செங்காவலரின் இயந்திரத் துப்பாக்கி.

கேப்டன் தவழ்ந்து வந்தார். "தளபதி புதுசா சுதந்திரச் சிலுவைன்னு ஒரு பதக்கம் உண்டாக்கியிருக்கார். அந்தத் துப்பாக்கியப் பிடிக்கிறவன் நெஞ்சுல அது ஏறும்."

"நமக்கெதுக்கு மச்சான் சிலுவை? செத்தா தானா நட்டு வைப்பாங்க," என்று என் காதோரம் சிரித்தான் யால்மரி. என் தங்கை ஹில்மாவின் கணவன்.

அந்த ஆலையில் வேலை பார்த்தவன் அவன். எதிரே கேட்ட குரல் பழைய கூட்டாளி ஆர்விட்டுடையது என்று கண்டுகொண்டான். வெறுங்கைகளை உயர்த்திப் பாலத்தின்மேல் நடந்தான். யாரும் சுடவில்லை. அவன் உள்ளே போனதும் நானும் போனேன். தங்கை புருஷனைத் தனியே விடலாமா?

மூன்று பேர் ஆயுதங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள். யால்மரி ஆர்விட்டுக்குப் புகையிலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுது மச்சான். உயிருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

நீங்களே யோசியுங்கள். பேசிப் பிடித்த துப்பாக்கிக்கு யார் சிலுவை தருவார்கள்? தந்தாலும் அவனுக்குத்தான் தருவார்கள். அவனோ வேண்டாம் என்றவன். மூவரையும் சுட்டேன். அசையாமல் நின்றதால் சிரமம் இல்லை.

யால்மரி என்மேல் பாயவில்லை. ஆர்விட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனுக்குப் பொய் வராது. என் பெயர் கெட்டால் ஹில்மாவின் பெயரும் கெடும். அதையும் நினைத்துத்தான் செங்காவலர் சாய்த்து வைத்த துப்பாக்கிகளில் ஒன்றை எடுத்தேன்.

சரணடைவதுபோல் நடித்து அவனைக் கொன்றுவிட்டார்கள், நான் பழிவாங்கினேன் என்று கேப்டனிடம் சொன்னேன். மே மாதம், தேவாலய வாசலில், என் நெஞ்சில் சிலுவையைக் குத்தினார்கள். கறுப்பு உடையில் நின்ற ஹில்மா அதைத் தொட்டு முத்தமிட்டாள்.

"அண்ணா, கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"உன் பேரத்தாம்மா சொன்னான்."

அதைக் கேட்டபின்தான் அவள் சாப்பிடத் தொடங்கினாள். இன்றும் ஞாயிறுகளில் எனக்குக் காபி ஊற்றிவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

அவன் சொன்னது "தாவெட்டி" என்று. என் பெயர். அந்தப் பெயர் ஒன்றைத்தான் மாற்றிச் சொன்னேன், போதகரே. மற்றபடி என் தங்கைக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.