மிதிக்காத வாசற்படி

நாய்லே: மறுபடியும் தாண்டிட்டீங்க.

ருஸ்தெம்: தாண்டலையே...

நாய்லே: தாண்டினீங்க. வாசப்படிய மிதிச்சுட்டு உள்ள வாங்க.

ருஸ்தெம்: நாப்பது வருஷமா மடத்து வாசப்படிய மிதிக்காம, முத்தம் கொடுத்துத் தாண்டினவன்டி. மிதின்னா கால் வரமாட்டேங்குது.

நாய்லே: நாடு கடத்தி கய்சேரி ஊர் வரைக்கும் நடக்கச் சொன்னா வருமா? சுல்தான் நம்ம சூஃபி மடத்த மூடி ஒரு மாசம் ஆச்சு. நாளைக்கு மதியத் தொழுகைக்கு காஜி உங்கள மசூதிக்குக் கூப்பிட்டிருக்கார். நீங்க திருந்திட்டீங்களான்னு பாக்க.

ருஸ்தெம்: மடத்து அடையாளம்னு மீசையத்தான் வெட்டிட்டேனே.

நாய்லே: உங்க சீடன் ஸாதிக்கும்தான் வெட்டினான். தொழுகையில ஒரு பிசகில்ல, காஜியே மெச்சினாராம். வெளிய வரும்போது படிய ஆடு மாதிரித் தாண்டினான். அங்கயே பிடிச்சுட்டாங்க.

ருஸ்தெம்: நல்லாத் தாண்டினானா?

நாய்லே: மறுநாளே நாடு கடத்திட்டாங்க. போதுமா? அப்புறம், வாசல்ல நின்னு இருமாதீங்க. எங்க போனாலும் இருமிட்டுத்தானே உள்ள நுழைவீங்க.

ருஸ்தெம்: நம்ம வீட்டுக்கு மட்டும்தான்.

நாய்லே: சரி, விரிப்புல நில்லுங்க. கைய தொப்புளுக்குக் கீழ கட்டுங்க.

ருஸ்தெம்: நீ நெஞ்சுல வச்சிருக்க?

நாய்லே: பொம்பளைங்களுக்கு அப்படி.

ருஸ்தெம்: நம்ம மடத்துல இந்தத் தொழுகையே கிடையாதே, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

நாய்லே: எங்கப்பா வீட்டுல பாத்தது.

ருஸ்தெம்: கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். மறக்கவே இல்லியா?

நாய்லே: ...குனியுங்க. நெத்தி தரையில படட்டும்.

ருஸ்தெம்: நாய்லே.

நாய்லே: பேசக் கூடாது.

ருஸ்தெம்: இந்த விரிப்பு இந்த ரெண்டு இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு.

நாய்லே: பூச்சி அரிச்சிருக்கும்.

ருஸ்தெம்: முழங்கால் அளவு பாத்து அரிச்சிருக்கு.

நாய்லே: ...மடத்துல தெரிஞ்சா உங்களுக்குத்தானே தலைகுனிவு. குருவோட பொண்டாட்டியே ஒளிஞ்சு தொழறான்னு சிரிப்பாங்க.

ருஸ்தெம்: சிரிச்சிருப்பாங்க.

நாய்லே: கோபமா?

ருஸ்தெம்: நாளைக்கு மிதிக்கிறேன்.

நாய்லே: நிஜமாவா?

ருஸ்தெம்: நீ இத்தன வருஷம் ஒளிச்சு வச்சே. நான் ஒரு படிய மிதிக்க மாட்டேனா?

நாய்லே: இந்தக் குளிருல தரையிலயே இருக்காதீங்க, எழுந்திருங்க. உங்க இருமலுக்குத் தேன் காய்ச்சித் தரேன்.

ருஸ்தெம்: வேண்டாம். எனக்கு இருமலே கிடையாது. நீ தொழுது முடிச்சு விரிப்பச் சுருட்டி வைக்கணும்னுதான் இத்தன வருஷமும் வாசல்ல நின்னு இருமினேன்.