பெடலில் தங்கையின் கால்

பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது என்று வண்டி வந்தால் நான் முதலில் பானெட்டைத் திறக்க மாட்டேன். வண்டிக்காரரை இறக்கிவிட்டு என் தங்கையை ஏறச் சொல்வேன். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், ஐயா. பதினெட்டு வருஷமாக என் பட்டறையில் அவள் கால்தான் அளவுகோல்.

ஏர் எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து, குழாயில் சிக்கிய காற்றை எண்ணெயோடு வெளியேற்ற வேண்டும். மிதி என்பேன், பிடி என்பேன், திருகை மூடியபின் விடு என்பேன். அம்மா அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் நடந்த பேச்சில் பாதி இதுதான். சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட நாட்களிலும் இது மட்டும் நின்றதில்லை.

அவள் கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தினேன். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர். அவர்மீது எனக்கு எள்ளளவும் பகை இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். மலைக்கு அப்பால் ஓர் ஊரில் வேலை கிடைத்ததும் தங்கையையும் கூட்டிப் போவதாகச் சொன்னார், அவ்வளவுதான். அவளும் தலையாட்டினாள். முன்பின் தெரியாத ஊரில் அவள் யாரிடம் பேசுவாள்? அதை இருவரும் யோசித்ததாகவே தெரியவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் வண்டியைக் கொண்டுவந்தார். எண்ணெய் அளவு சரி, எங்கும் கசிவில்லை. நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, மிதித்தபடியே இருக்கச் சொன்னேன்.

“அண்ணா, நிக்கலை. மெதுவா கீழ போயிட்டே இருக்கு.”

அப்படியானால், பெடல் மிதியை எண்ணெயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. வெளியே ஒரு சொட்டு வராது, உள்ளுக்குள்ளேயே அழுத்தம் நழுவிவிடும். மாற்றுவதைத் தவிர வழியில்லை. அன்றே புதியது வாங்கிவந்தேன். நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொன்னபோது மாட்டத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவள் மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டே பாடினாள். இத்தனை வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. பட்டறைக்குப் போனேன். பழைய சிலிண்டரைக் கழற்றவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். புதிது போலவே ஆகிவிட்டது.

தேய்ந்த சிலிண்டருக்கு ஒரு குணம் உண்டு. மூன்று முறை வேகமாக மிதித்தால் நன்றாகவே நிற்கும். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் வந்தால்தான் கைவிடும். மாப்பிள்ளை மூன்று முறை மிதித்துப் பார்த்தார்.

“கல்லு மாதிரி நிக்குது மச்சான். உங்க கையே கை.”

தங்கையும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். சாமான் கட்ட நேரமாகிறது என்று அவளை அனுப்பிவிட்டேன். சாமான்களோடு அவர் முன்னால் போகட்டும், உன்னை இரண்டு நாள் கழித்து ரயிலில் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னதும் நான்தான். மலை இறக்கத்தில் ஏழாவது வளைவு வரை வண்டி போயிருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடத் தூரம்தான்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். ஆனால் பகையில் அல்ல.

புது சிலிண்டர் இருந்த பிரிக்காத அட்டைப்பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து உங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். வருத்தமில்லை, வேலையில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. போகட்டும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முக்கிய சாட்சி என்பதால் வழக்கு முடியும்வரை அவள் இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்களாமே. எத்தனை வருஷம் நடக்கும், ஐயா?