மீன் நல்லாத்தானே இருக்கு?

இந்த டம்ளர் தண்ணீர் இருக்கட்டும் இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கே போனாலும் நான் பாட்டில் எடுத்துக்கொண்டுதான் போவேன். அது பழக்கமாகிவிட்டது. எப்படிப் பழக்கமானது என்று போகப் போகச் சொல்கிறேன். நீங்களும் சுற்றி வளைத்து அதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

முதலில் என் வேலை. கம்பெனிகளைச் சுற்றுச்சூழல் விஷயத்தில் ஒழுங்காக நடக்க வைக்கும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. 'எங்களுடையது' என்றால் நான், ஒரு மேஜை, முனகும் மின்விசிறி. மற்ற அமைப்புகள் ஆலை வாசலில் வெயிலில் நின்று கோஷம் போடும். நான் உள்ளே போய் ஏசியில் டீ குடிப்பேன். திட்டினால் எந்த முதலாளியும் திருந்த மாட்டான், தட்டிக்கொடுத்தால் திருந்துவான் என்பது என் கொள்கை. டீ நன்றாக இருந்ததால் கொள்கையும் உறுதியாக இருந்தது.

ஒழுங்காக நடக்கும் ஆலைக்குப் 'பச்சை நட்சத்திரம்' என்று ஒரு கேடயம் கொடுப்போம். எங்கள் ஊர்ச் சாய ஆலை மேனேஜர் அதற்கு ஆசைப்பட்டு, கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளைக் கட்டினார். நிஜமாகவே கட்டினார். அவை நிஜமாகவே வேலை செய்தன. என் வாழ்க்கையில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அது. அதோடு நான் வீட்டுக்குப் போயிருந்தால் உங்களைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்திருக்காது.

ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. சுத்தமான தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில், ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போகும். உள்ளே மீன்கள். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். அறிக்கை படிக்காதவருக்கும் புரியும்.

என் அக்காவுக்கும் புரிந்தது. வாய்க்காலை ஒட்டிய தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்தத் தெருக் கிணற்றில் வாய்க்கால் தண்ணீர்தான் ஊறும். அதனால் யாரும் அதை வாயில் வைக்காமல், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். அக்கா தெருவையே திரட்டிக்கொண்டு வந்து தொட்டியைக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்கோங்க. என் தம்பி வெச்ச மீனு. சின்ன வயசுல பென்சில் திருடிட்டு அவனே வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லி அடி வாங்குனவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது."

தெரு கிணற்றுக்குத் திரும்பியது. லாரி வருவது நின்றது.

அதன் பிறகுதான் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் எரிந்துபோனது. அது ஊதாவிட்டால் சாயத் தண்ணீர் உள்ளே போன மாதிரியே வெளியே வரும். மறுநாள் காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேனேஜர் புது மோட்டாருக்கு மேலிடத்துக்கு எழுதியிருந்தார். எங்களுக்கு நிதி கொடுப்பவர்கள் அன்று பார்வையிட வருவதாக இருந்தார்கள். செத்த மீனைக் காட்டினால் மேனேஜரின் ஊக்கம் கெட்டுவிடும். மற்ற ஆலைக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். எனவே, சுற்றுச்சூழலின் நலன் கருதி, மீனை மாற்றினேன்.

மோட்டார் வரும் வரைதான் என்று நினைத்தேன். வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு என்னால் வியாபாரம் செழித்தது.

"என்ன சார், மீனை வளக்கறீங்களா, வறுக்கறீங்களா?"

"வீட்ல ஒரு பூனை இருக்குங்க."

"அப்ப பூனையை மாத்துங்க சார். மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவரே இரக்கப்பட்டு, சாக்கடையில் போட்டாலும் சாகாது என்று ஒரு முரட்டு ரகத்தைக் கொடுத்தார். அது கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 'தொட்டியில் புதிய மீன் இனம், வளம் பெருகுகிறது' என்று நான் ஆண்டறிக்கையில் எழுதினேன். நிதி கொடுப்பவர்கள் பாராட்டினார்கள்.

ஒரு நாள் மேனேஜர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மோட்டார் கெடையாதுன்னுட்டாங்க சார். அது ஓடாமலே மீன் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குச் செலவுங்கறாங்க. எனக்கே புரியல. எப்படி சார் உயிரோட இருக்கு?"

அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மோட்டார் வந்திருக்கும். "இயற்கையோட சக்தி நமக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

பாட்டில் பழக்கம் அந்த வாரம்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவேன். சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை என்பேன்.

"ஏன்டா, எங்க வீட்டுத் தண்ணிகூட உனக்கு ஆகாதா? தொரை ஆயிட்டீங்களோ?" என்றாள் அக்கா.

"டாக்டர் சொல்லியிருக்காருக்கா."

மாமா, அதாவது அக்காவின் கணவர், கிணற்றுத் தண்ணீர் இருந்த சொம்பைத் தூக்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார். "டாக்டர் கெடக்காரு மாப்ள. உன் மீனே சொல்லுது, அதுக்கு மேல என்ன வேணும்?"

நான் என் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன்.

மாமாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். தெருவில் இன்னும் சிலருக்கும் அப்படித்தான். நான் சும்மா இருக்கவில்லை. ஆலையிடம் பேசி, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுக்க வைத்தேன். ரிப்பன் வெட்டினோம். ஆலைக்கு இரண்டாவது நட்சத்திரமும் கொடுத்தோம். அந்த இயந்திரத்தில் முதலில் படுத்தவர் மாமா. புகைப்படத்தில் அவர் தோளில் கை வைத்து நிற்பது நான்தான். எனக்குப் புகைப்படம் எப்போதும் நன்றாக விழும். இயந்திரம் அவரைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான்.

மாமா போன பிறகு அக்காவுக்குத் தூக்கம் கெட்டது. விடிந்தும் விடியாமல் வாய்க்கால் ஓரம் நடக்க ஆரம்பித்தாள். நான் வலையோடு தொட்டிக்குள் குனிந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள். என் ஒரு கையில் உயிருள்ள மீன் பை, இன்னொரு கையில் செத்த மீன் பை.

"எப்பலேர்ந்துடா?"

"மோட்டார் போனதுலேர்ந்துக்கா."

"மாமா சொம்பைத் தூக்கிக் குடிச்சாரே... அன்னிக்கும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் அழவில்லை, அடிக்கவும் இல்லை. செத்த மீன் பையை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். உங்கள் மேஜை மேல் நாறிக்கொண்டிருப்பது அதுதான். தம்பிக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் சொன்னது சரிதான். நான் ஒரு பொய்யும் வாய் திறந்து சொல்லவில்லை. மீன்களைச் சொல்ல வைத்தேன்.

எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் விஷம் என்று தெரியும். கிணற்றுக்குப் போவதும் அதே தண்ணீர் என்று தெரியும். மாமா குடிப்பதைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா? வழக்கு வந்ததும் மேலிடம் புது மோட்டார் வாங்கி மாட்டிவிட்டதாம். மேனேஜர் சொன்னார். பார்த்தீர்களா ஐயா, பொறுமையாக ஊக்கம் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் திருந்தும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறேன்.