பொய்ப் பட்டன்கள்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்கு வரும் ஃபெர்ரியில், எதிர் பெஞ்சில் ஓர் இளம் தாய் குழந்தையை மடியில் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கவுனின் முதுகில் வரிசையாக முத்துப் பட்டன்கள். பக்கத்தில் இருந்த நடுவயது அம்மா அவற்றைத் தொட்டுப் பார்த்து மெச்சினார்.

“எல்லாம் பொய் பட்டன் அக்கா.”

“பொய்யா?”

“ரெண்டு பட்டன் போடுறதுக்குள்ள இவ உருண்டு போயிடுறா. அதான் எல்லாத்தயும் வெட்டி எடுத்துட்டு வெல்க்ரோ வச்சேன். மேல அதே பட்டன சும்மா தச்சிருக்கேன்.”

“எதுக்கும்மா மறுபடி பட்டன்?”

“என் வீட்டுக்காரரோட அக்கா கையால தச்ச கவுன். இப்ப அவங்க வீட்டுக்குத்தான் போறோம். தெரிஞ்சா மூஞ்ச தூக்கி வச்சுக்குவாங்க லா.”

“இதுவரைக்கும் தெரியலயா?”

“போட்டோ அனுப்புனேன். பட்டன் எவ்ளோ நேரா நிக்குது பாருன்னு அவங்களுக்கே பெருமை.”

அந்த அம்மா சிரித்தார். “நானும் என் தம்பி மகளுக்கு இப்படி ஒண்ணு தச்சேன். பட்டன் போட ரொம்ப ஈசியா இருக்குன்னு தம்பி பொண்டாட்டி சொல்லுச்சு.”

 சொல்லிவிட்டுக் கைப்பேசியில் ஒரு குழந்தையின் படத்தைத் தேடி எடுத்து, அதன் முதுகை விரல்களால் பெரிதாக்கிக்கொண்டே போனார்.