பாதி தேவநாதனுக்கு

கத்தரிக்காய் கொத்சு ஆறிப்போனால் ருசி போய்விடும், ஸ்ரீதர். அதனால் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மடியில் இருக்கும் பொட்டலம் என் மகன் எழிலனுக்கு. நேற்றுக் காலையிலிருந்து அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். நேற்றைய பிரசாதம் அவன் வயிற்றுக்குப் போகவில்லை.

இன்று நீ இன்ஸ்பெக்டர். ஆனால் பத்தாம் வகுப்பில் இந்தச் சபாபதி வாத்தியாரிடம் கணக்குப் படித்தவன். வழிமுறையே எழுதமாட்டாய், விடையை மட்டும் எழுதுவாய். நான் வழிமுறையோடு சொல்கிறேன், எழுதிக்கொள்.

எழிலனுக்கு இருபத்துநாலு வயதில் ஆரம்பித்தது. மின்விசிறி தன்னைப் பற்றி வம்பு பேசுகிறது என்றான். டாக்டர் மாத்திரை எழுதினார். நாலு மாதம் விழுங்கிவிட்டு, உடம்பு ஊதுகிறது என்று நிறுத்திவிட்டான். என் மனைவி கனகாம்பாள் திருவதிகைக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். அந்தச் சாமி வயிற்றுவலி ஸ்பெஷலிஸ்ட், இது வேறு டிபார்ட்மென்ட் என்றேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மாத்திரையைப் பொடித்துக் காப்பியில் கலந்தேன். டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கியதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்கூடத் தொடவில்லை. எதிர்க்கடை பன்னும் பாட்டில் தண்ணீரும்தான். வீட்டுக்குள் வருவதில் அவன் நம்பியது கோயில் சம்பா சாதத்தையும் கொத்சையும் மட்டும். நடராஜர் கலப்படம் செய்யமாட்டார் என்பது அவன் எண்ணம். அவர் செய்யவில்லைதான்.

தினமும் காலையில் பொட்டலத்தோடு கீழவீதியில் ஒரு மூடிய கடையின் படியில் உட்காருவேன். வாழைநாரை அவிழ்த்து, பொடியைக் கலந்து, முன்பைவிட அழகாகக் கட்டுவேன். கசப்பைக் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டது.

இரண்டு மாதத்தில் எழிலன் குளித்தான், சவரம் செய்தான், அதே மின்விசிறிக்குக் கீழே தூங்கினான். மாதம் ஒருமுறை ரயிலேறி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்கா காயத்ரி வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தான். தெருவே நடராஜருக்கு நன்றி சொன்னது. பெயர் அவருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழ்ப்போர்ஷனில் குடியிருந்த தேவநாதன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். ஒரு செவ்வாய்க்கிழமை வாசலில் கொட்டாவி விட்டபடி சொன்னான்: "எழிலு குடுக்குற கொத்ச சாப்ட்டா கண்ணு சொக்குது சார். சாமி உள்ள எறங்குறாரு போல."

பிரசாதத்தைத் தனியாகத் தின்னக் கூடாது என்று எழிலனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கண்டித்தால் ஏன் என்று கேட்பான். தேவநாதனிடம் உண்மையைச் சொன்னால் அது எழிலன் காதுக்குப் போகும். அவன் பழையபடி பன்னுக்குப் போய்விடுவான். ஆகவே யோசித்தேன். பாதி தேவநாதனுக்கு என்றால், என் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் சேர்கிறது. புதன்கிழமையிலிருந்து இரட்டிப்பாக்கினேன்.

வேனில் பத்தொன்பது பிள்ளைகள். வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்றாம் நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் புவனகிரி சாலைப் புளியமரத்தில் மோதிப் போய்ச்சேர்ந்தான். அந்த மட்டில் நல்ல நேரம். மறுநாளிலிருந்து மருந்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டேன்; எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அவன் மனைவி கார்த்யாயினிக்கு ஆறுதல் சொல்லப் போனால், அவள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். துக்கத்திலும் தூக்கம் வருகிறதே, கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவநாதன் வயிற்றில் மருந்து இருந்ததாக ரிப்போர்ட் வந்ததும், பொட்டலம் கொடுத்தவன் என்று எழிலனைப் பிடித்துவந்தீர்கள். அது தவறு. கலந்தது நான். இரட்டித்ததும் நான்.

அவன் வாக்குமூலத்தை நீ படித்துக் காட்டியதையும் கேட்டேன்.

"மருந்து வேணாம்னு நான் சொல்லல சார். அப்பா கையால வேணாம்னுதான் சொன்னேன். மாசாமாசம் காயத்ரி அக்கா கூட்டிப்போயி கடலூர்ல ஊசி போட வைக்கிறாங்க. அதுலதான் தேறுனேன். உடம்பு ஏறுது, காலையில சோறு வேணாம்னாரு டாக்டரு. அப்பாகிட்ட சொன்னா ஊசி விஷயம் தெரிஞ்சிடும். சாமி சோத்த குப்பையில போட முடியுமா? வெறும் வயித்தோட வண்டி எடுக்குறாரேன்னு பொட்டலத்த அப்படியே தேவநாதண்ணனுக்குக் குடுத்துடுவேன். அவரு போனப்புறம் கார்த்யாயினி அக்காவுக்கு."

தெளிவாகப் பேசினான், குரல்கூட உயரவில்லை என்கிறாய். வியாதி அப்படித்தான், ஸ்ரீதர். ஒரு நாள் மாத்திரை நின்றதற்கே ஊசி, டாக்டர், அக்கா என்று எவ்வளவு கற்பனை, பார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆறுவதற்குள் இதை அவனிடம் கொடுத்துவிடு. உங்கள் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேருக்கும் பங்கு கொடுக்காமல் தின்னமாட்டான். பரவாயில்லை, அவர்களையும் சேர்த்தே கலந்திருக்கிறேன்.