வெயில்ல நில்லுடா

ஹலோ... ஹலோ... டேய், கேக்குதா?... அக்காடா. அக்காதான் பேசறேன்... எறங்கிட்டேன், எறங்கிட்டேன்... ஆமா ஆமா, நல்லபடியா வந்து சேந்தேன்... பயமெல்லாம் இல்ல. மேகத்துக்குள்ள போறப்ப மட்டும் ஒரு குலுக்கு குலுக்கிச்சா, பக்கத்து சீட்டு ஆளோட கையைப் புடிச்சிட்டேன். பாவம் அந்த மனுஷன், எறங்கற வரைக்கும் கையை உருவிக்கவே இல்ல.

வெளியில வந்துட்டேன்டா. வாசலைத் தாண்டி ஒரு பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்திருக்கேன். நீ ஓட்டல்லதானே இருக்கே?... கம்பெனி குடுத்த ரூமா? தனி ரூமா?... பரவால்லயே! கப்பல் சமையல்காரன்னா சும்மாவா... சரி சரி, பீத்திக்காதே.

இப்ப சொல்லு. ரயில்ல வரதா, டாக்ஸியில வரதா?

... ரயிலா?

... ம்... ம்... தரையில நீலக் கோடு போட்டிருக்கும், அது மேலயே நடந்து போகணும். ம்... அப்புறம் எஸ்கலேட்டர்ல கீழ... மூணாவது ஸ்டேஷன்ல எறங்கி வேற ரயில்... எதிர் பிளாட்பாரம்... கேட்டுட்டுதான்டா இருக்கேன். நீ சொல்ற வேகத்துல ரயிலே போயிடும்.

இல்ல... டாக்ஸியிலயே வந்துடறேனே.

... முட்டி வலிடா... எஸ்கலேட்டர்ல நடக்க வேணாம், சரி, நிக்கணும்ல?... நின்னா முட்டிதான்டா வலிக்கும், பின்ன மூக்கா வலிக்கும்?

... பாலத்துல வேலையா?... ஊருக்குள்ள வர பக்கம் மட்டும் அடைச்சிருக்காங்களா... ஐயோ, அவ்வளவு நேரமா ஆகும்?... ரயில்னா?... அதுல பாதிகூட ஆகாதா. ம்... தெரியும்டா. சாயங்காலம் வேன் வந்துடும், நேரா ஹார்பர், அப்புறம் கப்பல். தெரிஞ்சுதானே ஓடி வந்திருக்கேன். எங்கேயோ ஒரு கப்பல்லேர்ந்து எறக்கி, பிளேன்ல இங்க கொண்டாந்து, மறுநாளே இன்னொண்ணுல ஏத்தறானுங்க, வீட்டுக்கு வந்துட்டுப் போன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல. ஒரு மணி நேரமாவது உன் எதிர்ல உக்காந்து... சரி, கத்தாதே. காது நல்லாத்தான் கேக்குது.

... மாமாவா? மாமா இங்கதான் இருக்காரு... பாத்ரூம் போயிருக்காரு... அவர்கிட்ட என்ன பேசப் போறே? அவருக்கு ரயிலும் தெரியாது டாக்ஸியும் தெரியாது. வீட்டுலேர்ந்து வேலைக்குப் போற வழி ஒண்ணுதான் தெரியும்.

அது கெடக்கட்டும். உடம்பு எப்பிடி இருக்கு?... வெயிட்டு போட்டிருக்கியா?... தொப்பையா! அடப்பாவி, சமைக்கறதை எல்லாம் நீயே முழுங்கினா கப்பல்ல இருக்கறவங்க எதைத் திம்பாங்க?... சிரிக்காதேடா. ரெண்டு சட்டை தெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், பழைய அளவுல... பயப்படாதே, ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டிருக்கேன். எவனாவது டெய்லர்கிட்ட குடுத்துப் பிரிச்சுவிட்டுக்கோ.

... ஏன்னா?... நான் இப்ப எங்க உக்காந்து பிரிக்கறது?... அடுத்த தடவையா?... ம். அடுத்த தடவை பாக்கலாம்.

... ஒண்ணுமில்லடா. குரல் நல்லாத்தான் இருக்கு. இங்க ஒரே பெட்டி உருட்டற சத்தம்.

... டாக்ஸியில வரேன், விடேன்! பிடிவாதம் எல்லாம் இல்ல... என்ன போர்டு?... எதுத்தாப்புலயா? ஆமா, இருக்கு. பெரிய போர்டு... என்ன போட்டிருக்குன்னா, ரயில்னுதான் போட்டிருக்கு... கலரா? அது... பச்சை... ஆமாடா, பச்சைதான். பளிச்சுன்னு தெரியுதே.

... மஞ்சளா?

... நேத்து நீயும் இந்த ஏர்போர்ட்லதான் எறங்கினியா, எல்லா வாசல்லயும் மஞ்சள்தானா. ம்... மாத்தியிருப்பாங்க... ஒரே ராத்திரியில மாத்தக் கூடாதா என்ன?... மாமா இன்னும் வரலடா. இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் பாத்ரூம்ல இருப்பாரான்னு என்னைக் கேட்டா? நான் போய் கதவைத் தட்டவா முடியும்?...

... அழல. யாரு அழறா.

... மாமா வரலடா. நான் மட்டும்தான் வந்தேன்... அவருக்கு லீவு கிடைக்கல. நீ ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்னு அவர்கிட்ட சொன்னேன். அவர் கூட வராருன்னு உன்கிட்ட சொன்னேன். ரெண்டு பேர்ல யார்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தாலும் என்னைக் கெளம்ப விட்டிருப்பீங்களா?... திட்டு. நல்லா திட்டு... ம்... ம்... முடிச்சியா? இப்ப நான் சொல்றதைக் கேளு. நடுவுல வாயைத் தொறக்காதே.

எனக்குக் கண்ணு தெரியலடா.

... ஹலோ?... டேய், இருக்கியா?

... முழுசா இல்ல. பட்டன் ஓட்டை வழியா பாத்தா எவ்வளவு தெரியும், அவ்வளவு தெரியுது. நேரா இருக்கறது மட்டும். பக்கத்துல ஆள் வந்தா தெரியாது. படி தெரியாது. அந்த போர்டு இங்கதான் எங்கேயோ இருக்கும், அது எனக்கு இன்னும் மாட்டல... கண்ணுக்குள்ள இருக்கற நரம்புடா. உள்ள பிரஷர் ஏறி ஏறி செத்துப்போச்சாம்... ரெண்டு கண்ணும்தான்... வலியே இல்லயே, எப்பிடித் தெரியும்? தையல் மிஷின் பக்கத்துல வெச்ச கத்திரிக்கோலைக் காணோம் காணோம்னு தேடுவேன், முழங்கைக்கிட்டயே கெடக்கும். யாரோ எடுத்து எடுத்து வெக்கறாங்கன்னு மாமாவைத்தான் திட்டிட்டு இருந்தேன். பாவம், அவர் என் கத்திரிக்கோலைத் தொட்டதே இல்ல.

... ஆபரேஷன் பண்ணியாச்சு. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான் அது. அதுவும் நிக்கல. போனது போனதுதானாம்... எத்தனை நாள்னு டாக்டர் சொல்லல. "பாக்க வேண்டியவங்களைப் பாத்துக்கோங்கம்மா"ன்னு மட்டும் சொன்னாரு.

நான் யாரைடா பாக்கணும்? மாமாவை தெனமும் பாக்கறேன். பாத்துப் பாத்து அலுத்தே போச்சு, அந்த மூஞ்சியைக் கண்ணை மூடிட்டே வரைஞ்சு குடுப்பேன். உன் மூஞ்சிதான்டா எனக்கு மறந்துட்டே வருது. ரெண்டு வருஷம் ஆச்சு. போன்ல வர படத்துல நீ உன்னை மாதிரியே இல்ல. அடுத்த தடவை நீ வரப்ப நான் உன்னைத் தடவித்தான் பாக்கணும். அதான் ஓடி வந்தேன்.

... அழாதேடா... டேய்... டேய், தனி ரூம்தானே, எதுக்கு எதிரொலிக்குது?... பாத்ரூம்ல போய் நின்னு அழறியா? நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கெல்லாம் பாத்ரூம்தான் போக்கிடம் போல.

... சொல்லி? நடுக்கடல்ல இருக்கறவன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? குதிச்சு நீந்தியா வருவே?... எப்பிடி வெளிய வந்தேன்னா, வீல் சேர்தான். முட்டி வலின்னு அங்கேயும் பொய்தான் சொன்னேன். ஒரு பொண்ணு தள்ளிட்டு வந்து இந்த பெஞ்சுல உக்கார வெச்சுது. உங்க ஆளு வருவாங்களாம்மான்னு கேட்டுச்சு. வருவான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

... நீ வராதே! வேணாம்டா, சொன்னா கேளு. நீ ரயில்ல இந்தப் பக்கம் வந்து, வேன் அந்தப் பக்கம் உன்னை விட்டுட்டுப் போயிட்டா? கப்பலை விட்டவனை அப்புறம் எந்தக் கம்பெனி ஏத்துவான்?... நான் டாக்ஸியில வரேன். ஓட்டல் பேரைச் சொன்னா வாசல்ல கொண்டாந்து விடுவான், நீ வாசல்லயே நில்லு. பாலத்துல மாட்டினா மாட்டிட்டுப் போகட்டும். அரை மணி நேரம் கெடச்சாலும் எனக்குப் போதும்... என்ன?... கதவைத் தட்றாங்களா?... யாருன்னு பாரு. பாத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்.

...

... ம், இருக்கேன். யாரு?... கம்பெனி ஏஜென்டா. என்னவாம்?...

... இப்பவேவா?

... சாயங்காலம்னுதானே சொன்னாங்க?... கப்பல் முன்னாடியே கெளம்புதா... கீழ வேன் வந்து நிக்குதா.

... ம்.

... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல... இல்லடா, அந்த ஆளுகூட சண்டை போடாதே. அவன் என்ன பண்ணுவான், மேலேர்ந்து சொல்றதைச் செய்யறான். நீ பெட்டியை எடு. எல்லாம் எடுத்து வெச்சுட்டியா? சார்ஜர் எடுத்தியா?... நான் திரும்பிப் போயிக்குவேன். ராத்திரி டிக்கெட் இருக்குல்ல. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டா வீல் சேரோட வரும். அங்க மாமாவை வரச் சொல்லி அவர்கிட்டயும் திட்டு வாங்கிக்கறேன்... போடா. குரலையாவது கேட்டேன்ல, அது போதும்... போதாதுதான். போதும்னு சொல்லிக்கணும், வேற என்ன பண்றது.

... என்ன?... திரும்பச் சொல்லு... ஹார்பர் ரோடு ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் போகுதா? இந்த வாசல் வழியாவா?... ஊரை விட்டு வெளிய வர பக்கம் பாலத்துல அடைப்பே இல்லையா! டேய், வேன்கிட்ட வந்துட்டியா? டிரைவர்கிட்ட கேளு. நிறுத்தறியான்னு கேளு. கால்ல விழுந்து கேளு. என்கிட்ட குடு, நான் பேசறேன்... ஒத்துக்கிட்டானா? ஒரு நிமிஷமா? அதுக்கு மேல நின்னா போலீஸ் வந்துடுமா... போதும்டா, போதும். அவன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கட்டும்.

போனை வெக்காதே. பேசிட்டே வா... எந்த வாசலா? இரு... ஐயா... ஐயா, இது எந்த வாசலுங்க?... நாலாவதா? ரொம்ப நன்றிங்க... நாலாவது வாசல்டா. தூணுக்குப் பக்கத்துல எழுந்து நின்னுக்கறேன். ஊதாப் புடவை. நீ என்ன சட்டை?... கம்பெனி பனியனா? வேன்ல எல்லாருமே அதேதானா? போச்சு போ.

அப்ப மூஞ்சியைச் சொல்லு, தேடறப்ப சுலபமா இருக்கும்... மீசையை எடுத்துட்டியா! ஏன்டா? யாரைக் கேட்டு எடுத்தே?... முடி? முன்னாடி கொட்டிடுச்சா?... அப்பா மாதிரியேவா? அடப்பாவமே, அதுக்குள்ளயா... நெத்தியில அந்தத் தழும்பு இருக்குல்ல? ஊஞ்சல்லேர்ந்து விழுந்தியே... அது இருந்தாப் போதும். அதைத்தான் முதல்ல தேடுவேன்.

கேளு. எறங்கினதும் ஓடி வந்து கட்டிப் புடிச்சிடாதே... இல்லடா, கிட்ட வந்துட்டா எனக்கு உன் மூக்கு மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி, ஆடாம நில்லு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் என்னால பாக்க முடியும். நெத்தி, கண்ணு, வாய், அப்பிடி. மொத்தமும் பாத்துட்டு அப்புறம் கட்டிக்கலாம்... அதுக்குள்ள நிமிஷம் முடிஞ்சுட்டாவா?

... முடிஞ்சுட்டா முடிஞ்சுது. பாக்கறதா கட்டிக்கறதான்னு கேட்டா, நான் பாக்கறேன்டா. கட்டிக்கறதுக்குக் கண்ணு வேணாம். அதை எப்ப வேணா பண்ணிக்கலாம்.

அப்புறம், வெயில்ல நில்லு. கூரைக்கு அடியில நின்னா எனக்கு எல்லாமே சாம்பலாத் தெரியும். சின்னதுல வெயில்ல நிக்காதேன்னு உன்னைத் தொரத்தித் தொரத்தி அடிப்பேன், இன்னிக்கு நானே சொல்றேன், நல்லா வெயில்ல நில்லு. பின்னாடி வந்து கண்ணைப் பொத்தி யாருன்னு சொல்லுன்னு கேப்பியே, அந்த வேலையெல்லாம் வேணாம்... சரி, அழாதே. அழுதுட்டு வந்தா மூஞ்சி வீங்கிடும், வீங்கின மூஞ்சியைத்தான் நான் கடைசி வரைக்கும் வெச்சுக்கணும். மூஞ்சியைத் தொடை... தண்ணி குடி... எங்க வரீங்க?... பாலம் தாண்டியாச்சா?... நான் எழுந்துட்டேன். தூணைப் புடிச்சிட்டு நிக்கறேன்...

... ஏர்போர்ட்டுக்குள்ள திரும்பிட்டீங்களா?... வெள்ளை வேனா? இங்க வரது எல்லாமே வெள்ளையாத்தான்டா தெரியுது... நின்னுட்டுதா? எறங்கிட்டியா?... எங்க?... நடுவுல கம்பித் தடுப்பா? சுத்தித்தான் வரணுமா? வேணாம் வேணாம், அதுக்கு நேரம் இல்ல. அங்கேயே நில்லு. அங்க வெயில்தானே?... சட்டையா? சட்டை கெடக்குது போ!

... கையை ஆட்டறியா? எந்தப் பக்கம்?... வலது பக்கமா? உன் வலதா என் வலதா?... திரும்பிட்டேன்... ஆளுங்க குறுக்க வராங்கடா... இல்ல, அது வேற யாரோ... காணோமேடா... நீ என்னைப் பாத்துட்டியா?... பாத்துட்டே இருக்கியா? ஆடாதே, அப்பிடியே நில்லு...

டேய், போனை வை... போனை வைடா! உன் குரல் என் காதுக்குள்ளயே கேக்குது, எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. வெச்சுட்டு வாய்விட்டுக் கூப்பிடு. அக்கான்னு கத்து, கூட இருக்கறவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. சத்தம் வர பக்கம் நான் பாக்கறேன்... வெச்சுடு... வெச்சுட்டுக் கூப்பிடுடா...